மெட்டு ஏறும் வீட்டுக் கார்: கிராண்ட் விட்டாரா ஃபோர் வீல், மூன்று மழைக்கு அப்புறம்

எங்கள் வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டு தாண்டி கேரளாவில் பூப்பாறைப் பக்கம். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு நாலு தடவையாவது மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குவேன். மாதம் ஒரு முறை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். முன்பு இதற்கு வீட்டில் இரண்டு வண்டி நின்றது. தோட்டத்துக்கு அப்பா காலத்து ஜீப், குடும்பத்துக்கு ஒரு சின்ன கார். இரண்டையும் கொடுத்துவிட்டு 2023 தொடக்கத்தில் மாருதி கிராண்ட் விட்டாராவில் நாலு சக்கரமும் இழுக்கும் ஆல்கிரிப் மாடலை எடுத்தேன். 52,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஃபோர் வீலுக்குக் கூடக் கொடுத்த பணம் தகுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை கிலோமீட்டரில் ஃபோர் வீல் எனக்கு உண்மையிலேயே தேவைப்படுவது தோட்டத்து வழியில் கடைசி 200 மீட்டரில்தான். ஆனால் அந்த 200 மீட்டருக்காகத்தான் ஒரு ஜீப்பையே வைத்திருந்தோம்.

தார் ரோட்டை விட்டு இறங்கினால் கொஞ்ச தூரம் கல் பாவிய பாதை. ஓடையைத் தாண்டியதும் செம்மண் ஏற்றம். ஜூன், ஜூலையில் அந்த மண் வெண்ணெய் மாதிரி வழுக்கும். பழைய கார் ஓடையிலேயே நின்றுவிடும், சாக்கெல்லாம் தலைச்சுமைதான். இந்த வண்டியில் முதல் மழைக்கு நான் செய்த தவறு, ஆட்டோ மோடிலேயே வைத்து ஏறிப் பாதியில் நிறுத்தியது. ஆட்டோவில் சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்கிய பிறகே பின் சக்கரத்துக்கு இழுவை போகும். சேற்றில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தபோது முன் சக்கரம் சுழன்று, மண் அடிப்பக்கம் சடசடவென்று அடித்தது. கியர் பக்கத்தில் மோடு மாற்றும் திருகு இருக்கிறது. அதைப் பின் சக்கரத்துக்கும் இழுவையை விடாமல் அனுப்பும் லாக்கில் வைத்தேன். ஒரு நொடி அதே சத்தம். அப்புறம் பின்பக்கம் மண்ணைக் கவ்வியது உட்கார்ந்திருந்த இடத்திலேயே தெரிந்தது. ஒரே சீராக மேலே போய்விட்டது. அன்றிலிருந்து ஓடைக்கு முன்னாலேயே லாக், முதல் கியர், ஏறி முடிக்கும் வரை நிறுத்துவதில்லை. மூன்று மழையில் ஒருநாளும் கயிறு கட்டி இழுக்கவில்லை.

ஆட்களை ஏற்றி வரும் ஜீப் டிரைவர் அண்ணன் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லோ கியர் இல்லையே தம்பி, பாறை வந்தா என்ன பண்ணுவ?" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. வண்டியைக் கூடுதல் இழுவையோடு ரொம்ப மெதுவாக ஏற்றும் அந்த லோ கியர் இதில் கிடையாது. ஜீப் ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டி ஏற்றும் பாறை வழியில் இதைக் கொண்டுபோகக் கூடாது. அரை கிளட்சில் பிடித்துப் பிடித்து ஏற்றினால் எந்த வண்டியானாலும் கிளட்ச் கருகும். பக்கத்துத் தோட்டத்துக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. அந்தத் தோட்டக்காரருக்கு ஜீப்தான், வேறு பேச்சே இல்லை.

தார் ரோட்டுக் கதை வேறு. அடிவாரத்து முந்தலில் தொடங்கி மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 103 பி.எஸ். சக்தி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லை. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், மேலே காற்று அடர்த்தி குறைவு. ஐந்து பேர், பின்னால் சாக்கு என்றால் வளைவில் தயங்காமல் இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர். ஃபோர் வீல் இருக்கிறது என்று மழையில் வேகமாக இறங்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு சக்கரமும் இழுப்பது கிளம்பவும் ஏறவும்தான் உதவும். நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான். இறக்கத்தில் வண்டியைத் தானே பிடித்து இறக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது, அதைத் தோட்டத்துச் சேற்று இறக்கத்தில் மட்டும் அமுக்குகிறேன்.

டயருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 38,000 கிலோமீட்டரில் ஒரு கல் பட்டு டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார் கடைக்காரர். இந்த மாதிரி வண்டியில் அது ஆகாது. தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் சுற்றளவு வேறு. லாக்கில் ஓடும்போது அந்த வித்தியாசம் முழுவதும் முன்னையும் பின்னையும் இணைக்கிற பாகத்தின் தலையில் விழும். மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததால் நாலையும் மாற்றினேன். 215/60 ஆர்17 அளவு, செலவு கையைக் கடித்தது. ஆனால் மழையில் பிடிப்பு கூடியது முதல் நாளே தெரிந்தது. வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலின் ஆயிலும் அப்படித்தான். வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் எல்லா ஆயிலும் மாற்றியாயிற்று என்றார்கள், பில்லில் அது இல்லை. கேட்ட பிறகுதான் மாற்றினார்கள்.

மைலேஜ் கம்பெனிக் கணக்கில் லிட்டருக்கு 19.38 கிலோமீட்டர். அது மலைக்கான கணக்கு இல்லை. மெட்டு ஏறும் நாட்களில் எனக்கு 13, மதுரை ரோட்டில் 17. கேரளாவில் பெட்ரோல் விலை நம்மைவிடக் கூடுதல், அதனால் போடியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுகிறேன். 45 லிட்டர் டேங்க், கவலையில்லை.

அம்மாவுக்குத்தான் பெரிய மாற்றம். தோட்டத்துக்கு ஜீப்பில் போன காலத்தில், மெட்டு ரோட்டில் புலியூத்து வருவதற்குள் ஒரு தடவை நிறுத்தியே ஆக வேண்டும். அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருப்பார். இப்போது முன் சீட்டில், கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்துக்கொண்டு வருகிறார். பழம் இன்னும் கையில்தான் இருக்கிறது, நிறுத்தச் சொல்வதில்லை. போன மாதம் வழியெல்லாம் தோட்டக் கணக்குக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பின் சீட்டை மடக்கினால் பச்சைக்காய்ச் சாக்கு நன்றாகவே கொள்ளும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும் என்பதால் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பல நடை அடிக்க வேண்டியிருக்கும். அடியில் தார்ப்பாய் விரிக்காவிட்டால் ஈரம் தரை விரிப்பில் இறங்கிவிடும், வாசனை வாரக்கணக்கில் போகாது. மதுரைக்குக் கிளம்பும் முந்தின நாள் கழுவிக் காயவைப்பதை மனைவி ஒரு வேலையாகவே வைத்திருக்கிறாள்.

தார் ரோட்டோடு முடிகிற தோட்டம் என்றால் முன் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலை எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். எங்களைப் போல மண் ஏற்றம் உள்ளவர்கள் இதை எடுக்கலாம். நான் வாங்கியபோது ஃபோர் வீலுக்குக் கையால் மாற்றும் கியர் மட்டும்தான், 2025இல் ஆட்டோமேட்டிக்கும் வந்திருக்கிறது. எதை எடுத்தாலும் காசு கட்டும் முன் உங்கள் தோட்டத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள்.