ஒரே கேபிளில் இரண்டு இணைப்புகள்: ஸ்பிளிட்டரும் சுவிட்சும், மூன்று ஆண்டு அனுபவம்

கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து மாடி அறைக்குச் சுவருக்குள் பதித்த கேட் 5இ வகை இணையக் கேபிள் ஒன்றுதான் எங்கள் வீட்டில் இருக்கிறது. கணினியோடு தொலைக்காட்சியையும் அதில் இணைக்க வேண்டி வந்தபோது, சுவரை மீண்டும் உடைக்க மனமில்லாமல், விலை குறைந்த ஸ்பிளிட்டர் ஒன்றை வாங்கி மாடியில் மட்டும் மாட்டினேன். கணினி இணைந்தது, தொலைக்காட்சியின் போர்ட்டில் விளக்குகூட எரியவில்லை.

பிழை என்னுடையதுதான். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேக இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும் என்பதால், மிச்சமுள்ள நான்கையும் இரண்டாவது இணைப்புக்குத் திருப்பிவிடுவதே ஸ்பிளிட்டரின் வேலை. திருப்பிய கம்பிகளை மறுமுனையில் பழைய வரிசைக்குக் கொண்டுவர இன்னொரு ஸ்பிளிட்டரும், ரவுட்டரில் இரண்டு போர்ட்டுகளும் வேண்டும். அது கேபிளைப் பகிர்வதில்லை, பாகம் பிரிக்கிறது.

ஜோடியாக மாட்டிய பின் இரண்டு ஆண்டுகள் ஓடியது. மின்சாரம் தேவையில்லை; தொலைக்காட்சியில் ஒருமுறைகூடப் படம் தடுமாறவில்லை. ஆனால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. அவற்றில் பாதி இல்லாததை அறியாத என் புதிய மடிக்கணினி, ரவுட்டருடன் கிகாபிட்டுக்கே உடன்பட்டு, இணைவதும் அறுவதுமாக இருந்தது. 100-க்கு மேல் கேட்காதபடி அமைப்பில் கட்டுப்படுத்திய பிறகே அடங்கியது. அப்போதும் 50 ஜிபி காப்புப் பிரதி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அதன் பிறகுதான் ஐந்து போர்ட் கொண்ட கிகாபிட் சுவிட்சை, அதாவது ஒரு கேபிளில் வரும் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிரும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டியை, மாடியில் வைத்தேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். முழுக் கேபிளும் அனைவருக்கும் பொது. யாருக்கு எப்போது தேவையோ அவர் எடுத்துக்கொள்கிறார். ஒரே நேரத்தில் இருவர் பெரிய கோப்புகளை இறக்கினால் வேகம் பங்காகும் என்பது உண்மைதான், ஆனால் 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் அளவே போதும் என்பதால், ஓராண்டில் அந்தப் பங்கீட்டை நான் உணர்ந்ததே இல்லை. அதே காப்புப் பிரதி இப்போது பத்து நிமிடத்துக்குள் முடிகிறது.

ஒருநாள் மட்டும் வீட்டு இணையம் முழுவதும் நின்றுபோனது. மேசையைத் துடைத்தபோது கழன்ற கேபிளின் மறுமுனை ஏற்கெனவே சுவிட்சில் செருகியிருப்பதைக் கவனிக்காமல், இந்த முனையையும் அதிலேயே செருகியிருக்கிறேன். அனுப்பிய தகவலே சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பை நிரப்பிவிட்டது. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்ட பிறகே கண்ணில் பட்டது.

இப்போதுள்ள ஒரே குறை, மின்வெட்டின்போது யுபிஎஸ்ஸில் இருக்கும் ரவுட்டர் இயங்கினாலும் மாடியில் சுவிட்ச் அணைந்துவிடுவது. பழைய ஸ்பிளிட்டர் ஜோடியை அதற்காகவே இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.