ஒலியால் வேதிவினையை வேகப்படுத்த: அல்ட்ராசோனிக் தொட்டியா, புரோபா?

அல்ட்ராசோனிக் தொட்டி என்றால், மீயொலி பாயும் நீருக்குள் வினைக்குடுவையை வைப்பது; புரோப் என்றால், அதிரும் உலோகக் கோலை நேராகக் கலவைக்குள் இறக்குவது. இரண்டிலும் வினையைத் தூண்டுவது ஒன்றுதான்: திரவத்தில் உருவாகும் நுண்குமிழிகள் நொறுங்கும்போது அந்தப் புள்ளியில் மட்டும் சில ஆயிரம் டிகிரி வெப்பம் எழுகிறது. வேறுபாடு அந்த ஆற்றல் எப்படி உள்ளே போகிறது என்பதில்.

ஆற்றல் செறிவு
தொட்டி: பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ். குடுவைச் சுவரைத் தாண்டிச் சேர்வது குறைவு.
புரோப்: பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸ். ஆற்றல் முனையிலேயே குவியும்.

விலை
தொட்டி மலிவு. புரோப் பல மடங்கு.

மாசு
தொட்டி: குடுவை தனியே இருப்பதால் காற்றுப்படாத நைட்ரஜன் சூழலைக் காப்பது எளிது.
புரோப்: டைட்டானியம் முனை அரிபட்டுத் துகள்கள் கலவையில் சேரும். வினையூக்கி ஆய்வில் இது முடிவையே கெடுக்கும். முனை குழிவிழுந்தால் மாற்றிவிடுங்கள்.

மறுபடி செய்தால் அதே விளைச்சல் வருமா?
தொட்டியின் பெரிய குறை இங்கேதான். குடுவை இரண்டு செ.மீ. நகர்ந்தாலே விளைச்சல் மாறலாம். மெல்லிய அலுமினியத் தாளைத் தொட்டி நீரில் தொங்கவிடுங்கள். எங்கே அதிகம் ஓட்டை விழுகிறதோ அங்கே குடுவையைப் பொருத்தி, நீர்மட்டத்தையும் குறித்துவையுங்கள். நீர் சூடேறவிடாதீர்கள், சூட்டில் கரைப்பான் ஆவி குமிழிக்குள் நிறைந்து நொறுங்கலின் வேகத்தைத் தணித்துவிடும்.
புரோப்: 5 விநாடி இயக்கம், 5 விநாடி ஓய்வு, வெளியே பனிக்கட்டி. முனை 1–2 செ.மீ. மூழ்கட்டும், மேலே நின்றால் நுரைக்கும். காதுக்காப்பு கட்டாயம்.

கிரிக்னார்டு வினைக்கு (ஈதர் கரைப்பானில் மக்னீசியத்தைக் கொண்டு கரிமச் சேர்மம் உருவாக்கும் வினை) மக்னீசியத்தைத் தூண்டத் தொட்டியே போதும். ஈதர் ஆவி பரவும் திறந்த குடுவையில் புரோபை இறக்குவது ஆபத்து. திரண்டுபோன நானோதுகள்களைத் தனித்தனியாகத் திரவத்தில் பரப்ப, பயோடீசலுக்காக எண்ணெயையும் மெத்தனாலையும் கலக்க, புரோப் வாங்குங்கள்.