மூடியைத் திறந்து பார்த்துச் சொன்னவர்

பழைய கைக்கடிகாரத்துக்கு மதிப்புக் கேட்கப் போகிறீர்களா? பின்மூடியைத் திறக்காமலே தொகை சொல்கிறவரிடம் உட்காராதீர்கள். இந்த முறை மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்தபோது வடசென்னையில் ஏறி இறங்கிய கடைகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து 1986இல் ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு பீரோவில் மூன்று வாட்ச் இருந்தன. ஸ்விஸ் கம்பெனியான ஃபேவர் லூபாவின் சீ கிங் ஒன்று, ஜப்பான் சீகோ 5 ஒன்று, நம்ம ஊர் எச்எம்டி ஜனதா ஒன்று. பேரன்களும் மூன்று பேர். யாருக்கு எது என்று கொடுப்பதற்கு முன் எது என்ன பெறும் என்று தெரிந்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது என்பது பெரியம்மாவின் கவலை. ஸ்விஸ் வாட்ச்தான் உசத்தி, அது மூத்தவனுக்கு என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு இருந்தது.

முதலில் போனது பாரிமுனைப் பக்கம் ஏசி போட்ட ஒரு பெரிய கடை. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். "மொத்தமா அஞ்சாயிரம் தரலாம் சார்." எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பாலிஷ் போட்டு, ஜனதாவுக்குப் புது டயல் அடித்து, பளபளவென்று தருகிறோம், இரவு இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். ரசீது தருவது வழக்கமில்லையாம். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சில் இருந்த ஒவ்வொரு யோசனையும் பழைய வாட்சின் மதிப்பைக் குறைக்கக்கூடியது என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. தெரியாத ஒரு வயதானவர் போயிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பார்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மண்ணடியில் ஒரு பாயைச் சொன்னார். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் லென்ஸ். அவ்வளவுதான் கடை. "உட்காருங்க தம்பி, அவசரம் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, ஒரு ரப்பர் பந்தை சீகோவின் பின்மூடி மேல் அழுத்தித் திருகினார். கீறல் விழாமல் மூடி கழன்றது.

சீகோவில் பொய் சொல்வது கஷ்டம் என்றார். பின்மூடியில் முதல் நான்கு எண் மிஷினுடையது, அடுத்த நான்கு கேஸுடையது. எங்களுடையதில் 7009. உள்ளே சுற்றும் ரோட்டரிலும் 7009, டயலின் அடியோரத்தில் பொடி எழுத்திலும் 7009. மூன்றும் ஒத்துப்போனது. வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எங்களுடையது 3இல் தொடங்கியது. 1983ஆ, 1993ஆ என்று அவர் கேட்டார். ரிடையர் ஆகும் முன்பே பெரியப்பா கையில் அது இருந்தது, பர்மா பஜாரில் வாங்கினேன் என்று சொல்வார் என்றேன். "அப்ப எண்பத்து மூணுதான்." கேஸின் விளிம்புகள் இன்னும் கூர்மையாக இருப்பதைத் தடவிக் காட்டினார். பாலிஷ் மிஷினில் கொடுத்திருந்தால் அந்த விளிம்புதான் முதலில் மழுங்குமாம்.

ஃபேவர் லூபாவை அவர் அதிக நேரம் பார்த்தார். மிஷின் சுத்தம், பெயர் பொறித்த அசல். ஆனால் டயல் பிற்காலத்தில் மறுபடி அச்சடித்தது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கவில்லை. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'ஸ்விஸ் மேட்' இல்லவே இல்லை. கடைசியாக டார்ச் அடித்து விளக்கை அணைத்தார். முட்கள் பச்சையாக ஜொலித்தன. அறுபதுகளின் வாட்சில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியமோ டிரிட்டியமோ என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பசையைத்தான் பூசியிருப்பார்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 வருஷம். ரேடியத்தின் கதிர்வீச்சு இன்னும் நிற்காது, ஆனால் அதோடு கலந்த ஒளிரும் பசை எப்போதோ செத்திருக்கும். எது பூசியிருந்தாலும் இன்று இப்படி ஒளி வராது. அந்தப் பச்சை பிற்காலத்துப் பூச்சு. எப்போதோ ஒரு கடையில் "புதுசு மாதிரி" செய்துகொடுத்திருக்கிறார்கள். அசல் டயல் இருந்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும் தம்பி என்று அவர் சொன்னபோது அவருக்கே மனசு கேட்கவில்லை.

ஜனதா அழுக்காக இருந்தது. டயல் மஞ்சளித்து, ஓரத்தில் இரண்டு புள்ளி. அதைத் தொடவே கூடாது என்றார். எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டில் பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. அந்த வாட்ச் கம்பெனியை மூட அரசு முடிவெடுத்தது 2016இல். அதன் பிறகு ஜனதாவைத் தேடுகிறவர்கள் கூடினார்கள். கூடவே பழைய மிஷினில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, நீல டயல் ஏற்றி விற்பதும் கூடியது. மஞ்சளித்த அசல் டயலுக்குத்தான் தெரிந்தவர்கள் காசு கொடுப்பார்கள்.

அவர் சொன்ன மதிப்பு: சீகோ 5,000, சீ கிங் 3,000, ஜனதா 2,000 சுற்றி. விற்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. மூன்றையும் பார்த்ததற்கு 300 ரூபாய், ஜனதாவைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட 700. டயலில் கை வைக்கவில்லை. திறந்த மிஷினைப் போனில் படம் எடுக்கச் சொன்னார். "நாளைக்கு யார்கிட்ட குடுத்தாலும் மிஷின் மாறலன்னு நீங்களே பாத்துக்கலாம்." தன் கடையில் விட்டுப் போகும் வாட்சுக்கே இப்படிச் சொல்கிறவரை நான் மனசாரப் பாராட்டுகிறேன். மெல்போர்னில் இதே வேலைக்கு முன்பதிவு செய்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மூத்தவன் தானே ஜனதாவைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தாத்தா தினம் கட்டியது அதுதானாம்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு கடை இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். சனிக்கிழமை காலை கூட்டம் குறைவு, பொறுமையாகப் பேசுவார். அட்டைப் பெட்டி, பழைய பில், கழற்றிப் போட்ட செயின் என்று வாட்சோடு வந்த எதையும் வீட்டில் விட்டுவிடாமல் எடுத்துப் போங்கள், அவற்றையும் சேர்த்துத்தான் அவர் மதிப்புச் சொல்கிறார்.