பழைய ஆட்டோமேட்டிக் காரில் ஓர் 600 ரூபாய் ஸ்கேனர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

2010-இல் வாங்கிய எங்கள் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கார், சென்ற கோடையில் பிடிபடாத ஒரு கோளாறைக் காட்டத் தொடங்கியது. காலையில் தாம்பரத்தில் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து, குரோம்பேட்டையைத் தாண்டி வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, ஓர் உதறலோடு மூன்றாவது கியருக்குப் போய், வேறு கியருக்கு மாறாமல் அதிலேயே ஓடும். சிக்னலில் நின்று மறுபடி எடுத்தால் பாரவண்டி மேடேறுவதுபோல் திணறும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் மீண்டும் சீராக ஓடும். முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த உடனேயே, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், 85,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தத் தொகைக்குச் சம்மதிக்கும் முன், வண்டியின் கணினி என்ன சொல்கிறது என்று கேட்டுவிடலாமே என எண்ணி, காரின் கணினியில் பதிவாகும் பிழைகளைக் கைப்பேசியில் காட்டும், இஎல்எம்327 வகையைச் சேர்ந்த ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன்.

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இந்தக் கருவியை, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசி ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு பேசுவதற்கான இணைப்பு வாயில்) செருகி, கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டால் போதும். இஎல்எம்327 என்பது எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் வடிவமைத்த சிப்பின் பெயர். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்களே. பெட்டியின்மேல் ‘வெர்ஷன் 1.5’ என்று அச்சிட்டிருந்தால் அது நகல் என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் மூல நிறுவனம் அந்த எண்ணில் எதையும் வெளியிட்டதில்லை. நான் வாங்கியதும் நகல்தான். ஆனாலும் என் தேவைக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் நாள் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கருவியோடு பரிந்துரைக்கப்பட்ட இலவசச் செயலி, பிழை எதுவும் இல்லை என்று காட்டியது. அது என்ஜின் கணினியை மட்டுமே விசாரித்திருக்கிறது என்பதும், என் காரில் கியர்பாக்ஸுக்குத் தனிக் கணினி உண்டு என்பதும் பிறகுதான் புரிந்தன. பலர் இந்த இடத்திலேயே கருவியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கார் மாடலைத் தேர்ந்தெடுக்க வழி தரும் கட்டணச் செயலி ஒன்றை நிறுவியதும், பி0722 என்ற பிழைக்குறி வந்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டின் வேகத்தை அளக்கும் அவுட்புட் ஸ்பீடு சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்பது அதன் பொருள்.

இக்கருவியின் உண்மையான பயன் எனக்கு விளங்கியது அடுத்த நாள்தான். மகன் வண்டியை ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கியர்பாக்ஸுக்குள் நுழையும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் அருகருகே திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல்லாவரம் வரை இரண்டும் ஒழுங்காக ஏறி இறங்கின. பிறகு, வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியேறும் வேகம் சுழியத்துக்கு விழுந்தது; அடுத்த நொடியில் அந்தப் பழைய உதறல் வந்து, கியர் மூன்றில் நின்றது. வேகம் தெரியாத கணினி, மேற்கொண்டு கியர்களை மாற்றி உள்ளிருப்பதைக் கெடுத்துவிடாமல், பாதுகாப்புக்காக ஒரே கியரிலேயே வண்டியை ஓட விட்டிருக்கிறது. நோய் என்று நாங்கள் நினைத்தது, கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொண்ட முறையே.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம், செயலியில் பதிவான இந்த வேகங்களைக் காட்டினேன். அவர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. துடைத்து மாட்டியதில் இரண்டு வாரம் நன்றாக ஓடி, மறுபடி அதே கதை ஆயிற்று. பின்னர் சென்சாரையே கழற்றி மல்டிமீட்டரில் அளந்தார். குளிர்ந்திருந்தபோது சரியான மின்தடையைக் காட்டிய அதன் உள்ளிருக்கும் கம்பிச் சுருள், சூடேற்றியதும் முற்றிலும் அறுந்ததாகக் காட்டியது. புதிய சென்சாரும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. அதன் பிறகு அந்தக் கோளாறு திரும்பவில்லை.

எனினும் இந்தக் கருவியால் அறிய முடியாதவை ஏராளம். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கின்றனவா, கியர்பாக்ஸ் ஆயில் கெட்டிருக்கிறதா என்பதை அது நேரடியாகச் சொல்லாது. சென்சார் மாற்றிய பின்னும் எங்கள் காரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மெல்லிய இடி இருந்தது. பிழைக்குறி ஏதும் இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பேறியிருந்தது. ஒருமுறை வடித்தால், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிய பழைய ஆயில் வராது என்பதால், சில நாள் இடைவெளியில் மூன்று முறை வடித்து நிரப்பினோம். இடி பெருமளவு குறைந்தது. ஆயில் வாங்கும்போது கையேட்டில் குறிப்பிட்ட வகையையே கேட்டு வாங்குங்கள். டொயோட்டாவின் கியர்பாக்ஸ் ஆயில்களிலேயே டி-4 (T-IV) வேறு, டபிள்யூஎஸ் (WS) வேறு. சிவப்பாக இருக்கிறது என்பதற்காக எதையும் ஊற்றிவிடக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை ப்ளூடூத் இணைப்பு அறுந்து, மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. பழைய வகை ப்ளூடூத் என்பதால் ஐபோனில் இது வேலை செய்யாது. அதற்கு வைஃபை அல்லது குறைமின் ப்ளூடூத் மாடல் தேவை. இணைப்புக்கான கடவு எண் 1234 என்றே இருப்பதாலும், வண்டியை அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதாலும், வேலை முடிந்ததும் நான் கழற்றிவிடுகிறேன். பிழைக்குறிகளை அழிக்கும் பொத்தான் செயலியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளாமல் அதைத் தொட்டால், மெக்கானிக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது.

கார்க் கணினி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்வதற்கான ஓபிடி-2 தரம் இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய காராக இருந்தால், போர்ட் இருந்தும் கியர்பாக்ஸ் கணினி பதில் தராமல் போகலாம். ஆகவே திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, அன்றே செருகிப் பாருங்கள். கியர்பாக்ஸின் வேகங்கள் திரையில் வராவிட்டால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.