வெயில் நாட்டு அலுவலக உடை: டையைக் கழற்றியவர்களும் சட்டையையே மாற்றியவர்களும்

கோட்டும் டையும் குளிர் நாட்டில் பிறந்தவை. கம்பளித் துணி, உள்ளே லைனிங், கழுத்து வரை பூட்டும் காலர், அதையும் இறுக்கிப் பிடிக்க ஒரு டை என்று எல்லாமே உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்கானவை. அவை ஐரோப்பியர்களோடு கப்பலேறி வெயில் நாடுகளுக்கும் போய், அங்கேயும் மரியாதையான உடை என்று பெயர் வாங்கி உட்கார்ந்துவிட்டன. இந்தச் சங்கடத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வகைதான் தெரிகின்றன: இருக்கிற உடையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்றுவது, அல்லது கோட்டுக்குச் சமமான இடத்தில் வேறொரு சட்டையை உட்கார வைப்பது. நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கழற்றும் வழிக்குப் பெரிய உதாரணம் ஜப்பான். 2005 கோடையில் அங்கே 'கூல் பிஸ்' தொடங்கியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே முன்னெடுத்தார். அலுவலக ஏசியை 28 டிகிரியில் வையுங்கள், அந்த வெப்பத்தில் வேலை செய்ய டையும் கோட்டும் வேண்டாம், இதுதான் திட்டம். பிரதமர் ஜூனிச்சிரோ கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். இது சின்ன விஷயம் இல்லை. மேலதிகாரி டை கட்டியிருக்கும்போது கீழே இருப்பவர் எவ்வளவு வியர்த்தாலும் தன் டையைத் தளர்த்தத் தயங்குவார், அதனால் கழற்றுவது உச்சியில் இருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. 2011 நிலநடுக்கமும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் மின்தட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது 'சூப்பர் கூல் பிஸ்' வந்தது, போலோ சட்டையும் ஹவாய்ச் சட்டையும்கூட ஏற்கப்பட்டன. இத்தனை மாதம் வரைக்கும் என்று நாடு முழுக்க ஒரே தேதி வைத்திருந்ததையும் 2021இல் எடுத்துவிட்டார்கள். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் ஷின்ஜிரோ கொய்சுமி. அப்பா டையைக் கழற்றினார், மகன் தேதியைக் கழற்றினார்.

இதை மதிக்கிறேன், மின்சாரத்தை முன்வைத்து ஒரு நாட்டின் உடைப் பழக்கத்தையே அசைத்தது பெரிய வேலை. ஆனாலும் குறை இருக்கிறது. டைக்காக வெட்டிய காலர், டை இல்லாவிட்டால் தொய்ந்து விழுகிறது. இன் பண்ணுவதற்காக வெட்டிய சட்டை, இன் பண்ணித்தான் ஆக வேண்டும். ஆக மிஞ்சுவது பாதி உடை. பார்ப்பவர் கண்ணில் அது "இன்னும் முழுசாக உடுத்தவில்லை" என்றுதான் பதியும், முக்கியமான கூட்டம் என்றதும் டை திரும்ப வந்துவிடும்.

அட்லாண்டிக் தீவான பெர்முடா கழற்றியது கால்சட்டையின் கீழ்ப் பாதியை. பிரிட்டிஷ் ராணுவம் வெயிலுக்குப் போட்ட அரைக்கால் சட்டையை அங்கே அலுவலக உடையாகவே ஆக்கிக்கொண்டார்கள். முட்டிக்குச் சற்று மேலே நிற்கும் கால்சட்டை, முட்டி வரை இழுத்த காலுறை, மேலே கோட்டு, டை எல்லாம் அப்படியே. அதை எவ்வளவு பெருமையாக நினைக்கிறார்கள் என்றால், குளிர்கால ஒலிம்பிக் அணிவகுப்பிலும் அவர்கள் அணி அதே கால்சட்டையில்தான் நடக்கும். எனக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடிக்கும். ஆனால் வெயிலுக்கு மருந்து என்று பார்த்தால் அரைக் கிணறுதான், ஏனென்றால் வெப்பம் அடைபடுகிற இடம் கழுத்தும் மார்பும். அங்கே எதுவும் மாறவில்லை.

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். பிலிப்பைன்ஸின் பாரோங், கியூபா மெக்சிகோ பக்கத்து குவாயபேரா, ஹவாயின் அலோஹா சட்டை, ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் கரியூஷி, இந்தோனேசியாவின் பாத்திக். இந்த ஐந்தையும் ஒன்றாக வைத்தால் ஒரு விஷயம் கண்ணில் படும், இவற்றை வெளியே விட்டுத்தான் போடுகிறார்கள். சாதாரணமான ஃபார்மல் சட்டையின் கீழ்விளிம்பு முன்னும் பின்னும் நாக்கு மாதிரி வளைந்து தொங்கும், உள்ளே விட்டால் நழுவி வெளியே வராமல் இருப்பதற்காக. அதை அப்படியே வெளியே விட்டால் அவசரத்தில் ஓடி வந்தவர் மாதிரி தெரிவதற்குக் காரணம் அந்த வளைவுதான். குவாயபேராவும் பாரோங்கும் அப்படி இல்லை, விளிம்பு நேராக வெட்டப்பட்டு, பக்கவாட்டில் சின்னப் பிளவு இருக்கும். வெளியே தொங்குவதற்கென்றே பிறந்த சட்டை, அதனால் இடுப்பிலிருந்து காற்று மேலே ஏறுகிறது, பார்வைக்கும் முடிந்த வேலையாக நிற்கிறது. மரியாதை என்பது பெரும்பாலும் இந்த மாதிரித் தையல் விவகாரம்தான்.

பாரோங்கின் உயர்ந்த வகை அன்னாசி இலை நாரில் நெய்தது. உள்ளே போட்டிருக்கும் பனியன் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. ரமோன் மக்சேசே 1953இல் அதை அணிந்துதான் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஆனால் அந்த நார்த்துணியை ஓங்கித் துவைக்க முடியாது, தினசரிக்கு ஆகாது. அதற்காகத்தான் பருத்தியிலோ லினனிலோ தைத்த அரைக்கை 'போலோ பாரோங்' இருக்கிறது, அலுவலகங்களில் பார்ப்பது அதைத்தான். குவாயபேரா இதைவிடச் சிக்கனமான யோசனை: நான்கு பை, மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் தைத்த மெல்லிய மடிப்புகள், வேறு அலங்காரம் அதிகம் கிடையாது. 2010இல் கியூபா அதை அரசு நிகழ்ச்சிகளுக்கான முறையான உடையாகவே அறிவித்தது.

அலோஹா சட்டையின் கதை வேறு. 1962இல் ஹவாய் ஆடைத் தயாரிப்பாளர்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு சட்டை கொடுத்தார்கள், கோடையில் இதைப் போடலாமே என்று கேட்டு. 1966இல் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு அந்தச் சட்டையைப் போடும் 'அலோஹா வெள்ளி' வந்தது. வியாபாரக் கணக்கு இருந்தது உண்மைதான், இருக்கட்டும், அதனால் ஊருக்கு நன்மையே. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனபோது என்ன ஆனது பாருங்கள். ஹவாயில் அந்தச் சட்டை வாரம் முழுக்கப் பரவியது. பெருநிலத்து அலுவலகங்களிலோ அது நீண்ட காலம் 'கேஷுவல் ஃபிரைடே' என்ற ஒற்றை நாளுக்குள்ளேயே நின்றது. ஒரு நாள் மட்டும் அனுமதி கொடுத்தால், மற்ற நான்கு நாளும் அது தகாது என்று சொன்னதாகத்தான் அர்த்தம். ஒகினாவாவின் கரியூஷி அந்த ஊரிலேயே தைத்ததாக இருக்க வேண்டும், ஊரின் அடையாளம் ஏதாவது அதில் வர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அலோஹாவின் உறவுக்காரன், அவ்வளவுதான்.

என் வாக்கு பாத்திக்குக்கு. 1970களின் தொடக்கத்தில் ஜகார்த்தா ஆளுநர் அலி சாதிக்கின் முழுக்கை பாத்திக் சட்டையை ஆண்களின் முறையான உடையாக ஏற்கச் செய்தார். 1994இல் இந்தோனேசியாவின் போகோரில் நடந்த, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டில் நாட்டுத் தலைவர்கள் எல்லாரும் பாத்திக் சட்டையில் படம் எடுத்துக்கொண்டார்கள். 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பாத்திக் சேர்ந்தது. அரண்மனை, அலுவலகம், கல்யாணம், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் அதே துணி போகிறது. முக்கியமாக, அது ஒரு சட்டை இல்லை, துணி. உருக்கிய மெழுகால் கோலம் போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கிற துணி. பெண் அதையே மேல்சட்டையாகவோ பாவாடையாகவோ நீள அங்கியாகவோ தைத்துக்கொள்ளலாம். குறை இல்லாமல் இல்லை: அலுவலகத்தில் பார்க்கும் பாத்திக்கில் நிறைய இயந்திரத்தில் அச்சடித்தது, மெழுகே தொடாதது, கைவினைஞருக்கு அதனால் ஒன்றும் போய்ச் சேராது.

பெண்களைச் சொன்னேன், ஏனென்றால் மற்ற விவாதங்களில் அவர்களைக் காணோம். கூல் பிஸ் பேசியது முக்கியமாக ஆணின் கழுத்தைப் பற்றி. 2019இல் ஜப்பானியப் பெண்கள் 'குட்டூ' என்று இயக்கம் நடத்தி, வேலையிடத்தில் குதிகால் செருப்பைக் கட்டாயப்படுத்தாதே என்று கேட்க வேண்டி வந்தது. ஏசி விஷயமும் அப்படித்தான். அலுவலகங்களின் வெப்பநிலைக் கணக்கு 1960களில் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை அளவாக வைத்துப் போட்டது என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கின்படி கோட்டு போட்டவருக்காகக் குளிர வைத்த அறையில் பக்கத்து மேசைப் பெண் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள், வெளியே வெயில் கொளுத்துகிறது. உடையை மாற்றுகிற அலுவலகம் அன்றைக்கே ஏசியின் டிகிரியையும் ஏற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிசான பாத்திக்கில் வந்தவர் பத்து மணிக்கெல்லாம் நாற்காலியில் தொங்கும் கோட்டைத் தேடுவார்.