இரண்டாம் முறையும் தாங்கிய வெளிமொழிப் படங்கள்

வெளிமொழிப் படங்களை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கி எனக்கு 12 வருடம் ஆகிறது. பார்த்து முடித்த கையோடு நோட்டில் நாலு வரி எழுதி வைப்பேன். மூன்று நான்கு வருடம் கழித்து அதே படத்தை மறுபடி பார்த்து, பழைய குறிப்புக்குக் கீழே புதிதாக எழுதுவேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எது நிற்கிற படம் என்று தெரிந்துவிடும். கடைசித் திருப்பத்தை மட்டும் நம்பி வந்த பல படங்கள் மறுமுறை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இங்கே சொல்பவை அந்தச் சோதனையில் நின்றவை. ஒன்றே ஒன்று விலக்கு, அது பின்னால் வருகிறது.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு மஜீத் மஜிதியின் ஈரானியப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) என்றுதான் சொல்வேன். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிடுகிறான் அண்ணன். வீட்டில் காசில்லை. ஒரே ஜோடி ஷூவை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். கதை அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் இருக்கும் அதே அறையில், வீட்டுப்பாடம் எழுதுவது போல உட்கார்ந்து, அண்ணனும் தங்கையும் நோட்டில் எழுதி எழுதியே சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவார்கள். அந்தக் காட்சியில் கண்களும் பென்சிலும்தான் பேசுகின்றன. ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஷூ என்பதால் அவன் மூன்றாவதாக வரப் பார்க்கும் இடத்தில், முடிவு தெரிந்திருந்தும் இரண்டாம் முறையும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

படங்களுக்குள் மேலும் போகும் முன் சப்டைட்டில் பற்றிக் கொஞ்சம். முதல் இரண்டு வருடம் நான் டப்பிங்கில் பார்த்தேன். அது தவறு. நடிகரின் குரலை எடுத்துவிட்டால் பாதி நடிப்பு போய்விடுகிறது. வாசிப்பதா, பார்ப்பதா என்ற தடுமாற்றம் ஐந்தாறு படத்தில் தானாகச் சரியாகிவிடும். ஆன்லைனில் ஆங்கில சப்டைட்டில் இரண்டு வகை இருந்தால், சி.சி. என்று குறித்ததைத் தவிர்ப்பது நல்லது. அது பெரும்பாலும் ஆங்கில டப்பிங் வசனத்தை ஒட்டி இருக்கும், மூல வசனத்தை ஒட்டி இருக்காது. கையில் இருக்கும் ஃபைலுக்குத் தனி சப்டைட்டில் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வினாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) ஓடும் பதிப்புக்குச் செய்த சப்டைட்டிலை 23.976 ஃபிரேம் படத்தோடு ஓட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டரை நிமிடம் விலகிவிடும். வி.எல்.சி. பிளேயரில் ஜி, ஹெச் விசைகளைத் தட்டி நேரத்தை முன்பின் நகர்த்தலாம், ஆனால் இந்த மாதிரி விலகல் அதற்கு அடங்காது. சரியான பதிப்பைத் தேடுவதுதான் எளிய வழி.

அப்புறம் இன்னொரு விஷயம், தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் ‘யூ’ ஒன்றுதான். நமக்கு நீ, நீங்கள் பழகிய காது. பிரெஞ்சில் ‘து’, ‘வூ’ என்று மாறுவதையும், கொரிய வாக்கியம் ‘யோ’ என்று மரியாதையாக முடிவதையும் கொஞ்ச நாளில் நாமே பிடித்துவிடுவோம். போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ (2019) படத்தை இரண்டாம் முறை இதற்காகவே பார்த்தேன். பணக்கார வீட்டில் வேலைக்குச் சேரும் ஏழைக் குடும்பம் அது. அந்த வீட்டுப் படியேறியதும் அவர்கள் பேச்சே பணிவுக்கு மாறுகிறது. சப்டைட்டில் அதைச் சொல்லவே இல்லை.

என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011). விவாகரத்துக்கு நிற்கும் கணவன் மனைவி, மறதி நோய் உள்ள அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஏழைப் பெண். ஒரு நாள் வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளு வழக்காகிறது. முதல் முறை எழுதியிருக்கிறேன்: ‘அவன் பக்கம்தான் நியாயம்.’ நான்கு வருடம் கழித்து: ‘அந்தப் பெண்ணை நான் சரியாகக் கேட்கவே இல்லை.’ பெரியவரைத் தேடி அவள் சாலைக்கு வரும் காட்சி நடுவிலேயே வெட்டப்படுகிறது. முதல் முறை அது கண்ணில் படாது. படத்தின் முழு முடிச்சும் அந்த ஒரு வெட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ (2006) ஜெர்மன் படம். 1984-இல் கிழக்கு பெர்லினில், ஒரு நாடக ஆசிரியரின் வீட்டை ஒட்டுக் கேட்கும் உளவு அதிகாரியின் கதை. அதிகாரியாக நடித்த உல்ரிக் மூஹேயின் முகத்தில் ஏறக்குறைய எதுவுமே அசையாது. மறுமுறை பார்க்கும்போது ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தை மட்டும் பாருங்கள். கடைசி வசனம் சில சொல்தான். அதற்குள் உங்களுக்கு சப்டைட்டில் தேவைப்படாது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவில் எல்லோரும் ‘செவன் சாமுராய்’ (1954) சொல்வார்கள். அருமையான படம்தான், ஆனால் 207 நிமிடம்; இடைவேளையில் நிறுத்தி இரண்டு நாளாகப் பார்த்தால் குற்றமில்லை. நான் முதலில் கையில் கொடுப்பது ‘இகிரு’ (1952). சாக்கடையைச் சரிசெய்யக் கேட்டு வரும் பெண்களை ஒவ்வொரு பிரிவாக அலையவிடும் தொடக்கமே போதும். தனக்குப் புற்றுநோய் என்று அறியும் அலுவலகத் தலைவரைப் படம் முடிவதற்கு வெகு முன்பே இறக்கவிட்டு, மீதி நேரம் முழுக்க துக்க வீட்டில் சக ஊழியர்களைப் பேசவிடுகிறார் குரோசாவா. முதல் முறை பனியில் ஊஞ்சலாடும் காட்சிதான் மனதில் இருந்தது. இப்போது அந்தத் துக்க வீட்டுப் பேச்சுதான் பெரிதாகத் தெரிகிறது.

விலக்கு என்று சொன்னது ஜப்பானிய இயக்குநர் தகாஹாதாவின் அனிமேஷன் படமான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ (1988). தான் இறந்த தேதியைச் சொல்லித்தான் நாயகனான பையன் கதையையே தொடங்குகிறான். 9 வருடமாக என்னால் அதை மறுபடி போட முடியவில்லை. ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள், குழந்தைகளோடு உட்கார்ந்து வேண்டாம்.

ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைக் (1953) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோர் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், யாருக்கும் நேரமில்லை. போரில் கணவனை இழந்த மருமகள் நொரிகோதான் அவர்களை வைத்துப் பார்க்கிறாள். கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் அசையாது. முதல் முறை எனக்குத் தூக்கமே வந்தது, நோட்டில் ‘மெதுவு’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மூன்றாம் முறை போன மாதம் பார்த்தேன். மாமனார் கொடுத்த பழைய கடிகாரத்தை நொரிகோ ரயிலில் உட்கார்ந்து வெளியே எடுத்துப் பார்க்கிறாள். அங்கே படிக்க ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தில் நிறுத்தி, பழைய ‘மெதுவு’க்குக் கீழே ‘கடிகாரம்’ என்று எழுதினேன்.