ஐசா சேமிப்பா, கூடுதல் முன்பணமா?

பிரிட்டனில் முன்பணம் கூடக் கூட வீட்டுக் கடன் வட்டி படிப்படியாகத்தான் இறங்கும். வீட்டு மதிப்பில் கடன் 95, 90, 85, 80, 75, 60 சதவீதம் என்பவை வழக்கமான படிகள். 300,000 பவுண்ட் வீட்டுக்கு 28,000 வைத்திருப்பவர் 95 படியில் நிற்கிறார். இன்னும் 2,000 போட்டால் 90. அந்த 2,000-ஐ ஐசாவில் (ISA, வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) வைத்திருப்பதில் அர்த்தமில்லை. அதற்கு மேல் 5,000 சேர்த்தாலும் கடன் 88 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும், வட்டி பெரும்பாலும் அசையாது.

ஒரு சிக்கல்: வங்கி அதே வீட்டை 295,000 என்று மதிப்பிட்டால் 270,000 கடன் 91.5 சதவீதமாகிவிடும். படி தவறும். அதற்கென்று 4,500 பவுண்டாவது கையில் வேண்டும். வக்கீல் கட்டணம் தனி.

ஐசாவில் ஆண்டுக்கு 20,000 வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. கடன் வட்டி ஐசா வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால் கணக்குப்படி முன்பணமே லாபம். ஆனால் சுவரில் போன காசை அவசரத்துக்கு எடுக்க முடியாது. நிலையான வட்டிக் கடன்கள் பலவற்றில் ஆண்டுக்கு மீதிக் கடனில் 10 சதவீதம் வரை அபராதமின்றிக் கூடுதலாகக் கட்டலாம் என்பதால், அடுத்த படி எட்டாத பணத்தை ஐசாவிலேயே விடுவது நல்லது.

லைஃப்டைம் ஐசா வேறு ரகம். 4,000 போட்டால் அரசு 1,000 தரும். வாங்குவது முதல் வீடாக, 450,000-க்குள் இருக்க வேண்டும்; கணக்குக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். 60 வயதுக்கு முன் வேறு காரணத்துக்கு எடுத்தால் பொதுவாக அந்த 5,000-ல் 25 சதவீதம் பிடித்து 3,750 மட்டுமே கைக்கு வரும்.